டவுன்லோட்ஸில் குவியும் ஃபைல்களை உரிய ஃபோல்டருக்கு அனுப்ப ஆறு வரி ஸ்கிரிப்ட்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நாலு பேர் உட்கார்ந்து வியாபாரிகளின் ஜிஎஸ்டி கணக்கைப் பார்க்கிறோம். லீ பஜார் மண்டிக்காரர், ஜவ்வரிசி வியாபாரி, அம்மாபேட்டை தறிக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். பில்லை இப்போது யாரும் பையில் போட்டு எடுத்துவருவதில்லை. பாதி வாட்ஸ்அப்பில் வருகிறது, மீதி மெயிலில். எது எப்படி வந்தாலும் கடைசியில் விழுகிற இடம் ஒன்றுதான்: டவுன்லோட்ஸ் ஃபோல்டர்.

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. 9, 10 தேதிகளில் அந்த டவுன்லோட்ஸைத் திறந்து பார்த்தால் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் வாசல் மாதிரி இருக்கும். யாருடைய பில் எது என்று பிரித்து, வெட்டி, ஒட்டி, அந்தந்த ஃபோல்டரில் போடுவதற்கே ஒரு காலைப்பொழுது போய்விடும். அதற்குத்தான் இந்தச் சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு ஃபைல். புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியும் நோட்பேடும் போதும். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம்.

இதை முதன்முதலில் நான் போனில்தான் சொல்லிக்கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வீடு ஏற்காட்டில். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி தினமும் பஸ்ஸில் வருகிறவள். மழையில் பஸ் வராத ஒரு நாள், வீட்டு லேப்டாப்பில் அவள் தட்டத் தட்ட நான் இங்கிருந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். இங்கேயும் அதே முறைதான்: கட்டளைகளைக் காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மூவ் என்றால் எம்-ஓ-வி-இ. டிர் என்றால் டி-ஐ-ஆர், டைரக்டரி என்பதன் சுருக்கம். பாஸ் என்றால் பி-ஏ-யூ-எஸ்-இ. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதை, பின்னால் சொல்லப்போகும் ஒரே ஒரு இடம் தவிர, விண்டோஸ் கண்டுகொள்ளாது. ஆனால் இடைவெளி, மேற்கோள் குறி, சாய்ந்த கோடு மூன்றிலும் கறாராக இருக்கும்.

முதலில் ஃபோல்டருக்கு எண்

ஸ்கிரிப்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை. டி டிரைவில் பில்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஃபோல்டர், 001, 002, 003 என்று எண்ணில். டி டிரைவ் இல்லாத லேப்டாப் என்றால் சி டிரைவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கட்டளையில் டி வருகிற இடத்தில் சி.

பெயர் வைக்காமல் ஏன் எண்? எங்கள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். குகை என்ற பகுதியின் பெயரை ஒருவர் 'கே'யில் ஆரம்பிப்பார், இன்னொருவர் 'ஜி'யில், மூன்றாமவர் நடுவில் ஒரு 'ஹெச்' போடுவார். செவ்வாய்ப்பேட்டைக்கோ கணக்கே கிடையாது. எங்கள் கணினியில் ஒரே கடைக்கு மூன்று ஃபோல்டர் இருந்தது, மூன்றிலும் பாதிப் பாதி பில். ஸ்கிரிப்டுக்கு இதெல்லாம் ஒரே குகை என்று தெரியாது. எழுத்து மாறினால் அதற்கு வேறு ஊர்தான். எண் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. எந்த எண் யாருடையது என்று ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

தமிழிலேயே ஃபோல்டர் பெயர் வைக்கலாமா என்றால், வைக்கலாம். விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஸ்கிரிப்டுக்குள் தமிழ்ப் பெயர் வந்தால் எழுத்துக் குறியீட்டை மாற்ற மேலே இன்னொரு வரி போடவேண்டும், கறுப்புத் திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். முதல் முயற்சியிலேயே அந்த வம்பு வேண்டாம்.

கையால் ஒருமுறை

விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சி-எம்-டி என்று தட்டி என்டர் அழுத்துங்கள். கறுப்புத் திரை வந்துவிட்டதா? சரி. எதையும் நகர்த்தாமல், என்ன இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்ப்போம்.

டிர் /பி "%யூசர்புரொஃபைல்%\டவுன்லோட்ஸ்\*.பிடிஎஃப்"

இங்கே 'பி' என்பது 'ஏ'வுக்கு அடுத்து வரும் எழுத்து. யூசர்புரொஃபைல் என்பது ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது. இரண்டு சதவீதக் குறிக்கு நடுவில் அதைப் போட்டால், உங்கள் பெயரில் கணினி வைத்திருக்கும் ஃபோல்டரை விண்டோஸே கண்டுபிடித்துக்கொள்ளும். நட்சத்திரக் குறிக்கு 'எந்தப் பெயராக இருந்தாலும்' என்று அர்த்தம். ஆக, டவுன்லோட்ஸில் இருக்கும் எல்லா பிடிஎஃப் பெயரையும் காட்டு என்கிறோம்.

போனில் முதல் தடங்கல் இங்கேதான்.

"அக்கா, பாதை கிடைக்கலைன்னு வருது."

"சாய்ந்த கோடு எந்தப் பக்கம் சாயுது?"

"கேள்விக்குறிக்குக் கீழ இருக்கே, அதுதான் போட்டேன்."

"அது இல்லம்மா. என்டருக்கு மேல இருக்கு பார், அது."

பாதைக்குப் போடும் கோடு என்டருக்கு மேலே இருப்பது. 'பி' என்ற எழுத்துக்கு முன்னால் போட்டது கேள்விக்குறிச் சாவியில் இருப்பது. புதியவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்து வாட்ஸ்அப் படங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் வெப்பில் இறக்கிய போட்டோவின் பெயர் வாட்ஸ்அப் இமேஜ் என்று ஆரம்பித்து, தேதி நேரத்தோடு நீளமாகப் போய், ஜே-பி-இ-ஜி என்று நாலு எழுத்தில் முடியும். நமக்கெல்லாம் ஜே-பி-ஜி என்று மூன்று எழுத்தில் எழுதித்தான் பழக்கம். மூன்று எழுத்தில் தேடினால் நாலெழுத்து ஃபைல் ஒன்றுகூட அகப்படாது. 'ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை' என்று வருகிற புகார்களில் இது அடிக்கடி வரும். எக்செல்லில் நேர்மாறாக ஒரு வேடிக்கை நடக்கும். எக்ஸ்-எல்-எஸ் என்று மூன்றெழுத்து கொடுத்தால், பல கணினிகளில் எக்ஸ்-எல்-எஸ்-எக்ஸ் என்று முடிவதும் சேர்ந்தே வந்துவிடும். பழைய காலத்துக் குட்டைப் பெயர்களையும் விண்டோஸ் உள்ளே வைத்திருப்பதால் வருகிற வினை அது. ஆகவே நகர்த்துவதற்கு முன் டிர் போட்டுப் பார்க்கிற பழக்கத்தை விடாதீர்கள்.

பட்டியல் சரியாக வந்தால், டிர் போட்ட இடத்தில் மூவ் போட்டு, கடைசியில் போகவேண்டிய இடத்தைச் சேர்த்தால் நகர்ந்துவிடும்:

மூவ் "%யூசர்புரொஃபைல்%\டவுன்லோட்ஸ்\*.பிடிஎஃப்" "டி:\பில்ஸ்\001\"

உடனே அடித்துவிடாதீர்கள், எல்லா பிடிஎஃபும் 001க்குப் போய்விடும். நட்சத்திரம் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்துப் பழகுங்கள். கடைசிச் சாய்ந்த கோட்டையும் மறக்கவேண்டாம். அது இல்லாமல், 001 என்ற ஃபோல்டரும் இல்லாமல், ஒற்றை ஃபைலை நகர்த்தினால் என்ன ஆகும் தெரியுமா? அந்த ஃபைலுக்கே 001 என்று பெயர் மாற்றி பில்ஸுக்குள் வைத்துவிடும். பிடிஎஃப் என்ற வாலும் போய்விடும். காணாமல்போன பில்லைத் தேடி அரை நாள் அலைவீர்கள்.

ஒரே பெயரில் வந்த மூன்று பில்

இப்போது என் கதை. முதல் ஸ்கிரிப்டை நானே எழுதி ரொம்பப் பெருமையோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் 10ஆம் தேதி சாயங்காலம் மண்டிக்காரர் ஒருவரின் கணக்கைப் போட்டால் மூன்று பில் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அவர் அனுப்பியதற்கு மெயில் இருக்கிறது, நான் இறக்கியதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நடந்தது இதுதான். அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் எல்லா பில்லுக்கும் இன்வாய்ஸ் என்று ஒரே பெயர் வைத்து அனுப்புகிறது. சாதாரணமாக டவுன்லோட்ஸில் இன்வாய்ஸ் என்று ஒன்று இருந்தால், அடுத்து வருவதற்கு பிரவுசரே பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 1 என்று சேர்க்கும், அதற்கடுத்ததற்கு 2. ஆனால் நான்தான் ஒவ்வொன்றையும் இறக்கிய கையோடு ஸ்கிரிப்டை ஓட்டி டவுன்லோட்ஸைச் சுத்தமாக வைத்திருந்தேனே! பழையது அங்கே இல்லாததால் புதியதும் வெறும் இன்வாய்ஸ் என்றே வந்தது. ஸ்கிரிப்ட் அதைக் கொண்டுபோய் ஃபோல்டரில் இருந்த பழைய இன்வாய்ஸின் மேலேயே வைத்தது. மூன்றாவது வந்து இரண்டாவதை விழுங்கியது. ரீசைக்கிள் பின்னில் தேடினேன், இல்லை. மேலெழுதப்பட்ட ஃபைல் அங்கே போகாது. அப்புறம் மண்டிக்குப் போன் போட்டு, "அண்ணா, அந்த ரெண்டு பில்ல மறுபடி அனுப்புங்க" என்று அசடு வழிந்தேன்.

கையால் சோதித்தபோது இது தெரியவே இல்லை. காரணம், கறுப்புத் திரையில் நேராகத் தட்டினால், அதே பெயரில் அங்கே ஃபைல் இருந்தால் மூவ் நம்மிடம் கேட்கும். அதே கட்டளை ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் இருந்தால் கேட்காமலே மேலெழுதிவிடும். மூவ் கட்டளையின் இயல்பே அப்படித்தான். இதற்கு மருந்து மூன்றே எழுத்து: மூவுக்கு அடுத்து இடைவெளி விட்டு, கேள்விக்குறிச் சாவியில் இருக்கும் சாய்ந்த கோடு, ஒரு மைனஸ், ஒரு 'ஒய்'. நடுவில் இடைவெளி விடக்கூடாது. அதைப் போட்டால் ஸ்கிரிப்டுக்குள்ளும் கேட்டுவிட்டுத்தான் செய்யும். இந்த மூன்று எழுத்து இல்லாத நகர்த்தும் ஸ்கிரிப்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆறு வரி

மேலே பார்த்தது ஒரே ஃபோல்டருக்கு மட்டும். நம் டவுன்லோட்ஸிலோ பத்துப் பேருடைய பில் கலந்து கிடக்கிறது. எது யாருடையது என்று பிரிக்கும் வேலையை ஸ்கிரிப்டிடம் விட நான் தயாரில்லை. நமக்கு வரும் பில்லின் பெயர்களில் அதற்கான துப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் இப்படி: ஃபைல்களை நாம் தேர்ந்தெடுத்து ஸ்கிரிப்டின் மேல் இழுத்துப் போடுவோம், எந்த ஃபோல்டர் என்று அது கேட்கும், எண்ணைச் சொன்னதும் கொண்டுபோய் வைக்கும். கண் நம்முடையது, சுமப்பது அது.

நோட்பேடைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

@எக்கோ ஆஃப்
செட் /பி எண்=ஃபோல்டர் எண்:
இஃப் "%எண்%"=="" எக்ஸிட்
இஃப் நாட் எக்ஸிஸ்ட் "டி:\பில்ஸ்\%எண்%\" (எக்கோ இல்லை & பாஸ் & எக்ஸிட்)
ஃபார் %%எஃப் இன் (%*) டு மூவ் /-ஒய் "%%~எஃப்" "டி:\பில்ஸ்\%எண்%\"
பாஸ்

எக்கோ என்றால் இ-சி-ஹெச்-ஓ. ஃபார் என்றால் எஃப்-ஓ-ஆர். செட்டுக்குப் பின்னால் வரும் 'பி', டிர்ரில் போட்டது இல்லை, 'ஓ'வுக்கு அடுத்து வரும் எழுத்து. எண் என்பதை ஆங்கிலத்தில் இ-என் என்று இரண்டு எழுத்தாக எழுதுங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. சமக் குறிக்கு முன்னால் இடைவெளி வரக்கூடாது. 'ஃபோல்டர் எண்', 'இல்லை' என்ற இரண்டும் திரையில் நாம் படிப்பதற்கான சொற்கள். ஆங்கில எழுத்தில் உங்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிக்கொள்ளலாம். எஃப் என்பது ஒற்றை எழுத்து. இதை மட்டும் இரண்டு இடத்திலும் சின்ன எழுத்திலேயே தட்டுங்கள், ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வேலை செய்யாது. டு என்பது டி-ஓ, 'செய்' என்று அர்த்தம் தரும் ஆங்கிலச் சொல்.

முதல் வரி திரையில் சளசளப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது வரி கேள்வி கேட்டு, நீங்கள் தட்டுவதை எண் என்ற பெயரில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

மூன்றாவது வரியை நான் பிற்பாடுதான் சேர்த்தேன். எண் எதுவும் தட்டாமல் அவசரத்தில் என்டர் அழுத்தினால் பாதை 'பில்ஸ்' என்பதோடு நின்றுவிடுகிறது. பில்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறதே! நாலாவது வரியின் சோதனையில் தேறி, எல்லா ஃபைலும் பில்ஸில் நடு வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலியாக விட்டால் பேசாமல் போய்விடு என்பதே இந்த வரி.

நாலாவது வரி, அந்த எண்ணில் ஃபோல்டர் இல்லையென்றால் சொல்லிவிட்டு நின்றுவிடும். பலர் இந்த இடத்தில், இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கு என்று எழுதுவார்கள். அது செய்ய எளிது, ஒரே சொல்தான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. 014 என்று தட்டுவதற்குப் பதில் 14 என்று தட்டினால் புதிதாக ஒரு 14 பிறக்கும், பழைய குகைக் கதை மறுபடி ஆரம்பிக்கும். புது வாடிக்கையாளர் வந்தால் ஃபோல்டரைக் கையால் உருவாக்கிக்கொள்ளலாம். தினமும் நடக்கிற வேலையா அது?

ஐந்தாவது வரிதான் உண்மையான வேலைக்காரன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் சதவீதமும் நட்சத்திரமும் நீங்கள் இழுத்துப் போட்ட எல்லா ஃபைலையும் குறிக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்துகிறது. சதவீதக் குறி எங்கே இரட்டை, எங்கே ஒற்றை என்று கவனித்துத் தட்டுங்கள். அலைபோல் இருக்கும் குறி, ஃபைல் பெயரைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் மேற்கோளை உரித்துவிடும். அதனால்தான் வெளியே நாமே ஒன்று போட்டிருக்கிறோம். கடைசி வரியில் பாஸ் இல்லாவிட்டால் திரை பளிச்சென்று வந்து மறைந்துவிடும், தவறு நடந்திருந்தால் படிக்கவே முடியாது.

சேமிப்பதில் ஒரு பள்ளம்

நோட்பேடில் சேமிக்கும்போது கீழே இருக்கும் வகைப் பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிவிட்டு, பெயரை நகர்த்து என்று ஆங்கிலத்தில் எழுதி, புள்ளி வைத்து, பி-ஏ-டி (கிரிக்கெட் பேட்டில் வரும் அதே மூன்று எழுத்து) என்று முடியுங்கள். மாற்றாமல் சேமித்தால் அதற்குப் பின்னால் டி-எக்ஸ்-டி என்று நோட்பேடே ஒரு வால் ஒட்டும். அந்த வால் கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்தே வைக்கிறது. விண்டோஸ் 11இல் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் வால் தெரியும். இதைச் செய்துவைப்பது வேறு வகையிலும் நல்லது: பில் என்று பெயர் சொல்லிக்கொண்டு வரும் வைரஸ் ஃபைலின் உண்மையான வாலையும் பார்த்துவிடலாம்.

ஃபைலை டெஸ்க்டாப்பில் வையுங்கள். டவுன்லோட்ஸில் இரண்டு மூன்று பில்லின் நகலை எடுத்து, அவற்றைத் தேர்ந்தெடுத்து ஸ்கிரிப்ட் ஐகானின் மேல் இழுத்து விடுங்கள். எண் கேட்கும். 001 என்று தட்டுங்கள். அப்புறம் வேண்டுமென்றே தப்பாகவும் தட்டிப் பாருங்கள்: இல்லாத எண், காலி என்டர், ஏற்கெனவே அங்கே இருக்கும் அதே பெயர். மூன்றிலும் நின்றால்தான் உண்மையான பில்லைக் கொடுக்கவேண்டும்.

இழுத்துப் போடுவது சிரமமாக இருந்தால் ரைட் கிளிக் மெனுவில் சேர்க்கலாம். முன்னால் சொன்ன சின்னப் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, சென்ட்டு என்று இடைவெளி இல்லாமல் தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். ஸ்கிரிப்டின் ஷார்ட்கட்டை அதில் போட்டால் 'சென்ட் டு' பட்டியலில் வந்துவிடும். விண்டோஸ் 11இல் அதற்கு முன் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தவேண்டியிருக்கும்.

வழக்கமாக வரும் தகராறுகள்

எக்செல்லில் திறந்து வைத்திருக்கும் ஃபைல் நகராது. மூடிவிட்டு மறுபடி இழுங்கள்.

பெயரில் 'அண்ட்' குறி இடைவெளி இல்லாமல் ஒட்டி வந்தால் ஸ்கிரிப்ட் குழம்பிவிடும். அந்தக் குறி அதற்கு 'அடுத்த கட்டளை' என்று அர்த்தம். '&கோ', '&சன்ஸ்' என்று முடியும் கடைகளுக்கு எங்கள் பேட்டையில் பஞ்சமா! இடைவெளி இருந்தால் விண்டோஸ் தானே மேற்கோள் போட்டுக் காப்பாற்றும், ஒட்டியிருந்தால்தான் பிரச்சினை. ஒட்டி வரும் அடைப்புக்குறியும் அதே ஜாதி. பெயரை மாற்றிவிட்டு இழுங்கள்.

இருநூறு முந்நூறு ஃபைலை ஒரேயடியாகப் போட்டால் ஏற்காது. ஒரு கட்டளை வரிக்கு 8191 எழுத்துதான் எல்லை, ஒவ்வொரு ஃபைலின் முழுப் பாதையும் அதில் அடங்கவேண்டும். இருபது முப்பதாகப் போடுங்கள். ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரையே இழுத்துப் போட்டாலும், சி டிரைவில் இருந்து டி டிரைவுக்கு மூவ் அதைக் கொண்டுபோகாது.

இன்னொரு ஆசை எல்லோருக்கும் வரும்: இன்றைய தேதியைப் பார்த்து மாதவாரி ஃபோல்டரில் ஸ்கிரிப்டே போட்டுவிடாதா? போடும், கணினியின் தேதியை எடுக்க வழி இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 3ஆம் தேதி நம் கைக்கு வருவது மார்ச் மாதத்துப் பில். அது ஏப்ரலில் போய்ச் சேர்ந்தால், மாதம் மட்டுமல்ல, நிதியாண்டே மாறிவிடும். மாதத்தையும் எண்ணோடு சேர்த்து நீங்களே தட்டுங்கள். 014க்குள் மார்ச்சுக்கு 03 என்று ஃபோல்டர் வைத்திருந்தால், எண் கேட்கும்போது 014, என்டருக்கு மேல் இருக்கும் சாய்ந்த கோடு, 03 என்று சேர்த்துக் கொடுத்தால் ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அங்கேயே போகும்.

மேலெழுதட்டுமா என்று கேட்கும்போது எஸ், நோ, ஆல் என்று மூன்று வழி காட்டும். ஆல் பக்கம் போகவே போகாதீர்கள். நோ சொன்னால் அந்த ஃபைல் டவுன்லோட்ஸிலேயே இருக்கும். இரண்டையும் திறந்து பில் நம்பரை ஒப்பிடுங்கள். ஒரே பில் என்றால் டவுன்லோட்ஸில் இருப்பதை அழித்துவிடலாம். வேறு என்றால் பெயரோடு பில் நம்பரைச் சேர்த்துவிட்டு மறுபடி இழுத்துப் போடுங்கள்.